பூச்சியின் வாயும் நம் உழைப்பும்

 

வெள்ளி விழா மேடையில் பூச்சியின் வாயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பழனி மலைத் தோட்டங்களில் காப்பிச் செடியின் பட்டையைத் தேய்ப்பவர் யார்? வாழைக்குக் குழி வெட்டுபவர் யார்? தெளிப்பானை முதுகில் சுமந்து பூச்சி மருந்து அடிப்பவர் யார்? உழைக்கும் எளிய மக்களே; அவர்களுள் நம்மவரும் உளர். பயிர் அழிந்தால் முதலில் கூலியை இழப்பவரும், மருந்தின் நஞ்சை முதலில் சுவாசிப்பவரும் அவர்களே. ஆகவே, பயிரைத் தின்னும் உயிர் எவ்வாறு தின்னுகிறது என்பது நாம் அறிந்திருக்க வேண்டிய கல்வியாகும்.

பூச்சி, சிலந்தி, நண்டு, பூரான் ஆகிய அனைத்தும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இவற்றின் முன்னோர் கடலில் வாழ்ந்தனர். அவற்றின் உடல் பல கணுக்களால் ஆனது. கணுவுக்கு ஓர் இணைக் கால்கள் இருந்தன. காலப்போக்கில் தலைப்பகுதியிலிருந்த கால்கள் நடக்கும் வேலையை விட்டு, உணவைப் பற்றவும் அரைக்கவும் உரிய உறுப்புகளாக மாறின. பூரானின் நச்சுக் கொடுக்கு என நாம் அஞ்சுவது அதன் உடலின் முதல் இணைக் காலே. பழ ஈயில் குறிப்பிட்ட ஒரு மரபணு பழுதுபட்டால், வாயின் கீழுதட்டுப் பகுதி கால் போன்ற வடிவம் கொள்கிறது. பிரிட்ஜஸ், டோப்ஜான்ஸ்கி என்னும் இரு அறிஞர்கள் 1933ஆம் ஆண்டிலேயே இதனை எழுதி வெளியிட்டனர். வாயுறுப்புகளுக்கும் கால்களுக்கும் பிறப்பு ஒன்றே என்பதற்கு இது தக்க சான்று.

ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துப் பாருங்கள். முன்னே ஒரு மேலுதடு. அதன் பின்னே பக்கவாட்டில் அசையும் வலிய தாடைகள் இரண்டு. அடுத்து உணவைத் தள்ளித் தரும் துணைத் தாடைகள் இரண்டு. இறுதியில் ஒரு கீழுதடு. இந்தச் சில உறுப்புகளைக் கொண்டே இயற்கை எத்தனையோ வகை வாய்களைச் செய்துள்ளது. வண்ணத்துப்பூச்சியில் துணைத் தாடைகளின் பகுதிகள் நீண்டு, ஒன்றோடொன்று பொருந்தித் தேன் உறிஞ்சும் குழலாயின. அதே வண்ணத்துப்பூச்சி கம்பளிப்புழுவாக இருந்த நாளில் இலையைக் கடித்துத் தின்றது. கொசுவின் கீழுதடு ஓர் உறையாக, அதனுள் ஆறு நுண்ணிய ஊசிகள் அமைந்துள்ளன. குருதி குடிப்பது பெண் கொசு மட்டுமே. அதுவும் முட்டை வளர்ச்சிக்காகவே.

இனி நம் மலைக்கு வருவோம். காப்பித் தோட்டத்தின் பெரும்பகை வெள்ளைத் தண்டுத் துளைப்பான். தாய் வண்டு பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். வெளிவரும் புழு கடிக்கும் தாடைகளால் தண்டைக் குடைந்து உள்ளேயே வாழும். உள்ளே புகுந்துவிட்ட புழுவை மேலே தெளித்த மருந்து எட்டாது. எனவேதான் முட்டையிட இடம் இல்லாதபடி தளர்ந்த பட்டையைத் தேய்த்து நீக்குகிறோம். வெயில் படும் தண்டையே வண்டு விரும்புவதால் நிழல் மரங்களைக் காக்கிறோம். தாக்குண்ட செடியைப் பிடுங்கி எரிக்கிறோம். பட்டை தேய்ப்பது வெறும் கைவேலை அன்று; பூச்சியின் வாழ்வை அறிந்து அதன் வழியை அடைக்கும் அறிவியல் ஆகும்.

மற்றொன்று விருப்பாட்சி மலைவாழை. பழனிப் பஞ்சாமிர்தத்தின் சுவைக்கு உரிய பழம் இது. கீழ்ப்பழனி மலையில் 1970களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் பயிரான இவ்வாழை, பின்னர் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது என ஆய்வாளர் எழுதியுள்ளனர். இதற்குப் பெருங்காரணம் முடிக்கொத்து நோய். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் தோன்றும். புதிய இலைகள் குறுகி, நுனியில் கொத்தாக நிற்கும். வாழை குலை தள்ளாது. நோயின் கிருமி ஒரு வைரசு. அதைச் சுமந்து திரிவது வாழை அசுவினி. இதன் தாடைகளும் துணைத் தாடைகளும் மயிரினும் மெல்லிய நான்கு ஊசிகளாக மாறியுள்ளன. அவ்வூசிகளுக்கிடையே இரு குழாய்கள்: ஒன்றின் வழியே உமிழ்நீர் செடிக்குள் செல்லும், மற்றொன்றின் வழியே செடியின் சாறு பூச்சிக்குள் வரும். நோயுற்ற வாழையில் குடித்த வைரசு, நல்ல வாழைக்குள் உமிழ்நீரோடு இறங்கிவிடும்.

வாயின் வேற்றுமையை அறியாதவர் எல்லாப் பூச்சிக்கும் ஒரே மருந்தை அடிப்பர். இலையின் மேல் படியும் வயிற்று நஞ்சு, இலையைக் கடித்துத் தின்னும் புழுவைக் கொல்லும். உள்ளே ஊசி செலுத்திச் சாறு குடிக்கும் அசுவினியை அது கொல்லாது. பணம் வீணாகும், நஞ்சு தெளிப்பவரின் தோலிலும் மூச்சிலும் சேரும். முடிக்கொத்து கண்ட வாழையைக் குணமாக்கும் மருந்தும் கிடையாது. முதலில் அதிலுள்ள அசுவினியை ஒழித்து, பின்னர் கிழங்கோடு தோண்டி அழிப்பதும், நோயற்ற கன்றுகளை நடுவதுமே வழி. இதனை அறிந்த தொழிலாளி, ஏவிய வேலையை மட்டும் செய்பவராக இரார்; "இதற்கு இம்மருந்து எதற்கு?" என்று கேட்கும் உரிமையும் துணிவும் பெறுவார்.

இத்தகைய அறிவு உயர்ந்தோர் என்பாருக்கே உரியது என்று எண்ண வேண்டா. அமெரிக்காவில் 1867இல் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த சார்லசு என்றி டர்னர், 1907இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் பெரிய பல்கலைக்கழகப் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. செயின்ட் லூயிசு நகரில் கறுப்பின மாணவர் பயின்ற உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே, பூங்காவில் வண்ண வட்டுகளை வைத்துத் தேனீக்களுக்கு நிறம் தெரியும் என்பதை ஆராய்ந்து 1910இல் வெளியிட்டார். கதவுகள் அடைபட்டபோதும் அவருடைய கண்கள் அடைபடவில்லை.

இளைஞர்களே! நமக்கு வேண்டியது ஒரு கைக்கண்ணாடியும் பொறுமையுமே. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895இல் தொடங்கப்பெற்ற இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சென்று காணுங்கள். தோட்டத்தில் இலை கடிபட்டிருக்கிறதா, சாறு உறிஞ்சப்பட்டுச் சுருண்டிருக்கிறதா, தண்டு குடையப்பட்டிருக்கிறதா என்று குறித்து வையுங்கள். வீட்டில் உழைத்துக் களைத்து வரும் பெற்றோரிடம் அவர்கள் கண்டதைக் கேளுங்கள். நீங்கள் படித்ததைச் சொல்லுங்கள். தலைமுறை தலைமுறையாக மண்ணில் நாம் கண்ட அறிவும் பள்ளியில் பெறும் அறிவும் ஒன்றுசேர வேண்டும். பிறர் தோட்டத்தில் மருந்து சுமந்த குடும்பங்களிலிருந்து பயிர்ப் பாதுகாப்பு அறிஞர்கள் தோன்ற வேண்டும். அதற்கே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக விளக்கேற்றி வருகிறது. அவ்விளக்கைக் கையில் ஏந்துவது உங்கள் கடமை.