கிழமை: ஆறாம் வேற்றுமையும் என் பேஸ் கித்தாரும்



இப்பொழிவு வரிசையில் எனக்கு முன் பேசிய அறிஞர்கள் பெரும்பொருள்களை எடுத்துரைத்தனர். நான் தேர்ந்த பொருள் சிறியது. 36 ஆண்டுகள் என்னிடம் இருந்த பேஸ் கித்தார் ஒன்றைச் சென்ற ஆண்டு விற்றேன். விற்ற பின் அதனை எவ்வாறு குறிப்பிடுவது என்னும் ஐயம் எழுந்தது. 'என் கித்தார்' என்றால் பொய்யாகும். 'அந்தக் கித்தார்' என்றால் மனம் ஒப்பவில்லை. இலக்கணம் கற்பித்தே வாழ்நாளைக் கழித்தவன் ஆதலால், இலக்கணத்திடமே கேட்டேன். அது தந்த விடையை உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். இசைமேடையில் பாடகருக்குப் பின்னே, டிரம்ஸ் வாசிப்பவருக்கு அருகே, பெரும்பாலும் அசையாமல் நிற்பவரின் கையில் இருப்பது பேஸ் கித்தார். அதில் நான்கு தடித்த கம்பிகள் உண்டு. மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். ஆடவர் பேச்சுக் குரலைவிட அது மிகவும் தாழ்ந்த ஒலி. 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் கருவியை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணையில் உள்ளவாறு அதன் கழுத்தில் மெட்டுகள் பதிக்கப்பட்டிருந்தமையால் சுரம் துல்லியமாக விழுந்தது. துல்லியம் என்பதே அப்பெயரின் பொருளும் ஆகும். தமிழிசை மரபு ஒலித் தானங்களை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுக்கும். பேஸ் ஒலிப்பது மெலிவுத் தானம். அவ்வொலி இருக்கும்போது கேட்போர் அதனைக் கவனிப்பதில்லை. அது நின்றால், பாட்டில் ஏதோ குறைகிறது என்பதை மட்டும் உணர்வர்.

1978இல், 21 வயதில், ஜப்பானில் செய்யப்பட்ட பழைய பேஸ் ஒன்றை என் ஊதியச் சேமிப்பில் வாங்கினேன். வார இறுதிகளில் திருமண விருந்துகளிலும் சமூக மன்ற மேடைகளிலும் இன்னிசைக் குழு ஒன்றில் வாசித்தேன். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்த பின் இளையராஜாவின் பாடல்கள் எங்கள் மேடைகளை நிறைத்திருந்தன. அவருடைய இசையில் பேஸ் வெறும் துணையொலி அன்று. பாடலின் கீழே தனக்கென ஒரு வழியில் நடந்து, உரிய இடத்தில் பாடலோடு வந்து சேரும். அதனை ஒலிநாடாவிலிருந்து கேட்டே கற்றோம். எங்களிடம் இருந்ததோ சிறிய ஒலிநாடாப் பெட்டி. அதன் ஒலிபெருக்கியால் அத்துணைத் தாழ்ந்த ஒலியை எழுப்ப இயலாது. ஆயினும் எங்கள் செவிக்குச் சுரம் கேட்டது. காரணம் பின்னாளில் ஒலியியல் வகுப்பில் விளங்கிற்று. ஓர் ஒலியின் அடியதிர்வு வாராவிடினும், அதன் மேலதிர்வுகள் வந்தால் மூளை அடியொலியைத் தானே உணர்ந்துகொள்ளும். பழைய தொலைபேசி 300 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்டவற்றைக் கடத்தவில்லை. எனினும் அதில் தந்தையின் தடித்த குரலை நாம் தடித்த குரலாகவே கேட்டோம்.

இனி இலக்கணத்திற்கு வருவோம். ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை, அதாவது உரிமை. அவ்வுரிமை இருவகைப்படும் என்பதைத் தொல்காப்பியரே சுட்டுகிறார்; நன்னூல் அவற்றைத் தற்கிழமை, பிறிதின்கிழமை எனப் பெயரிட்டு விரிக்கிறது. உடையவனிடமிருந்து பிரிக்க இயலாதது தற்கிழமை: சாத்தனது கை, சாத்தனது கருமை. பிரிக்க இயன்றது பிறிதின்கிழமை: முருகனது வேல், முருகனது மலை. மாணவர்கள் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். வேல் இல்லாத முருகனை நம்மால் எண்ணிப் பார்க்க இயலுமா? எனினும் உரையாசிரியர்கள் அதனைப் பிறிதின்கிழமைக்கே எடுத்துக்காட்டினர். பத்தியைவிட இலக்கணம் கண்டிப்பானது. வேல் கையில் இருக்கலாம். ஆனால் கை ஆகாது.

நம் அண்டை மொழிகளையும் காண்போம். மலாய் மொழியில் கைக்கும் கித்தாருக்கும் உரிமைத் தொடர் ஒரே அமைப்புடையதே. மலாயோடு ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த பீஜி மொழியிலோ வடிவமே வேறுபடும். 'என் தலை' என்பதற்கு உரிமை ஒட்டு தலை என்னும் சொல்லோடு நேரே ஒட்டி, 'உலுங்கு' என்றாகும். 'என் வீடு' என்பதற்கு உரிமைச் சொல் தனித்து நின்று, 'நோங்கு வாலே' என்றாகும். தேங்காய்க்கு இன்னும் நுட்பம் உண்டு. நான் உண்ணவிருக்கும் தேங்காய் 'கெங்கு', குடிக்கவிருக்கும் இளநீர் 'மெங்கு', விற்பனைக்கோ உடைமையாகவோ வைத்திருப்பது 'நோங்கு'. பொருள் ஒன்றே, உறவு வேறு. மீட்டும் கித்தாரும் விற்கும் கித்தாரும் ஒரே கித்தார் அல்ல என்பதை நான் உணரும் முன்பே அம்மொழி அறிந்திருந்தது.

என் கித்தார்களை இவ்வாய்பாட்டில் வைத்துப் பார்க்கிறேன்.

முதற் கித்தாரை 1983இல் விற்றேன். அண்ணாமலைநகரில் மொழியியல் ஆய்வு செய்ய இடம் கிடைத்தது. பயணச் செலவுக்குப் பணம் போதவில்லை. விற்றபோது வருந்தினேன். ஆனால் தற்கிழமையின் வகைகளுள் 'திரிபின் ஆக்கம்' என ஒன்று உண்டு. நெல்லினது பொரி என்பது அதற்கு எடுத்துக்காட்டு. நெல் திரிந்தே பொரியாயிற்று. என் முனைவர் பட்டத்தை அக்கித்தாரினது பொரி என்றே கருதுகிறேன்.

திரும்பி வந்த பின், 1988இல் பிரிசிஷன் பேஸ் ஒன்றை வாங்கினேன். அதன் விரற்பலகை ரோஸ்வுட் மரம். இந்திய ரோஸ்வுட்டைத் தமிழில் ஈட்டி என்பர். வேலுக்கும் கித்தாருக்கும் நான் கண்ட உறவுக்கு இப்பெயரும் ஒரு காரணம் என்க. கித்தாருக்கும் தலை, கழுத்து, உடல் என்னும் உறுப்புகள் உண்டு. ஆனால் ஃபெண்டர் கழுத்தை உடலோடு ஒட்டவில்லை. நான்கு திருகாணிகளால் பூட்டினார். ஆகவே இக்கருவியின் உறுப்புத் தற்கிழமை ஒரு திருப்புளி வரும்வரைதான்!

1996இல் மூன்றாவதாக மெட்டுகள் இல்லாத பேஸ் ஒன்று வந்து சேர்ந்தது. நம் கமகங்களுக்கு ஏற்றது என்று விரும்பி வாங்கினேன். பழைய இலக்கணப்படி ஒருமைக்கு 'அது' உருபும் பன்மைக்கு 'அ' உருபும் வரும். எனவே அன்று முதல் 'எனது கித்தார்' என்பது 'என கித்தார்கள்' ஆயிற்று. பின்னர்ப் பணிச்சுமை கூடியது. மெட்டில்லாக் கித்தார் ஒன்பது ஆண்டுகள் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. ஈரம் தாக்காதவாறு நன்றாகவே காத்தேன். ஒருநாள் எடுத்து வாசித்தபோது ஒரு சுரமேனும் உரிய இடத்தில் விழவில்லை. மெட்டுகள் இல்லாத கழுத்தில் இடமறிவது விரலின் நினைவு, அந்நினைவு அழிந்திருந்தது. கடைச் சீட்டில் என் பெயர் இருந்தது, பிறிதின்கிழமையில் குறைவில்லை. தற்கிழமைதான் எனக்குத் தெரியாமலேயே போய்விட்டது. அக்கித்தாரை விற்றபோது எனக்கு வருத்தமே தோன்றவில்லை. அதுவே என்னைப் பின்னர் வருத்தியது.

மாறான ஒரு நிகழ்வும் உண்டு. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் ஏறத்தாழ 30 பவுன் கொடுத்து ஹாஃப்னர் பேஸ் ஒன்றை வாங்கினார். 1972இல் இலண்டனில் அது களவு போயிற்று. அது மீண்டும் அவரிடம் சேர்ந்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானபோது அவருக்கு வயது 81. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அது எவரெவர் வீட்டில் இருந்திருப்பினும், உலகம் அதனை 'மெக்கார்ட்னியின் பேஸ்' என்றே வழங்கியது. பொருள் கைவிட்டுப் போயிற்று. வேற்றுமை உருபு போகவில்லை. அதிலே எழுந்த இசை அவருடைய தற்கிழமை. அதனைக் களவாட எவராலும் இயலவில்லை.

இனி, பிரிசிஷன் பேஸை ஏன் விற்றேன் என்பதைச் சொல்ல வேண்டும். நான்கு கிலோகிராமுக்கு மேற்பட்ட எடை. கம்பியின் நீளம் 34 அங்குலம். என் இடக்கை விரல்களின் கணுக்களில் வலி தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. திருமண விருந்து ஒன்றில், சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் என் சுண்டுவிரல் நீளவில்லை. சுரம் விழுந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. விருந்தினர் எவரும் அறியார். டிரம்ஸ் வாசித்த இளைஞர் மட்டும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அவ்விடத்தைத் தம் அடியால் நிரப்பினார். பின்னர் அதைப்பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்து வாதாடியிருப்பேன். அவருடைய மௌனத்தை மறுக்க இயலவில்லை.

விற்பனைச் செயலியில் படங்களை ஏற்றினேன். சிறிது நேரத்திலேயே 'கடைசி விலை?' என்னும் செய்திகள் வரத் தொடங்கின. எழுவாய் இல்லை, பயனிலை இல்லை, வணக்கமும் இல்லை. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் கித்தாரின் கழுத்து சற்றே முறுக்கியிருந்தது. வளைவாக இருந்தால் உள்ளே ஓடும் இரும்புக் கோலைத் திருகி நிமிர்த்தலாம்; முறுக்கு அவ்வாறு தீராது. சொல்லாமல் விற்றுவிடலாம் என்றார் நண்பர் ஒருவர். நான் குறையை எழுதி, விலையைக் குறைத்தேன். உடைமையை விற்பவன் அதன் குறையையும் தன்னுடையதென ஏற்பதே முறை.

இறுதியில் வந்தவர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பயிலும் ஒரு மலாய் இளைஞர். என் ஒலிபெருக்கியை முன்பே விற்றுவிட்டதால் வெறும் கருவியாகவே வாசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் கித்தாரின் மேற்கொம்பில் தாடையை ஊன்றி, எலும்பின் வழியே ஒலியைக் கேட்டார். பிள்ளைகள் உறங்கிய பின் அடுக்குமாடி வீட்டில் நானும் அவ்வாறுதான் பல ஆண்டுகள் வாசித்தேன். அந்த இளைஞருக்கு அதனை எவரும் கற்பித்திருக்கத் தேவையில்லை. நிமிர்ந்து, 'பாக்சிக் புன்யா?' என்று கேட்டார். இது மாமாவினுடையதா என்பது பொருள். உடனே விடை சொல்ல நா எழவில்லை.

'புன்யா' என்னும் அச்சொல்லைப் பின்னர் எண்ணிப் பார்த்தேன். அது 'எம்பு' என்னும் சொல்லடியாகப் பிறந்தது. எம்பு என்றால் தலைவர், ஆசான். தமிழிலும் கிழவன் என்றால் உரியவன். நிலக்கிழார், கோவூர் கிழார் முதலிய பெயர்களைக் காண்க. இன்று கிழவன் என்றால் முதியவன். உரிமையைக் குறித்த சொல்லும் முதுமையைக் குறிக்கும் சொல்லும் தமிழில் ஒரே வடிவாய் நிற்கின்றன. முதற்பொருளில் நான் கிழவனாக இருந்த கருவியை, இரண்டாம் பொருளில் கிழவனான பின் கைம்மாற்றினேன்.

மூன்று வாரங்கள் கழித்து அவ்விளைஞர் தாம் வாசித்த பதிவொன்றை அனுப்பினார். கம்பிகளை மாற்றியிருந்தார், ஒலி என்னுடையதாக இல்லை. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அத்தாழ்ந்த சுரம் வாராது என்பதை அறிவேன். ஆயினும் தெளிவாகக் கேட்டது. முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த ஒலிகளை. மனைவியார் பேச்சில் 'ச', 'ஸ' போன்ற உரசொலிகள் எனக்கு இப்போது மங்கிவிட்டன. தாழ்ந்த ஒலிகள் இன்னும் உடன்வருகின்றன.

ஆசிரியர்களே, மாணவர்களே, இதனை இப்பேரவையில் பேசியதற்குக் காரணம் உண்டு. 'தமிழ் எங்கள் மொழி' என்று கட்டுரைதோறும் எழுதுகிறோம். அந்த 'எங்கள்' எவ்வகைக் கிழமை? பிறப்போடு வந்த உறுப்பென்று எண்ணினால், அதற்கு உழைக்க வேண்டியதில்லை என்று தோன்றும். உடைமையென்று எண்ணினால், பெட்டியில் பூட்டிக் காத்தால் போதும் என்று தோன்றும். என் மெட்டில்லாக் கித்தார் எனக்குக் கற்பித்தது வேறு. நீண்ட நாள் கம்பியை அழுத்திய விரல் நுனியில் காய்ப்பு ஏறும். அது பிறப்பில் வந்ததன்று, கடையில் வாங்கியதும் அன்று. எவருக்கும் விற்க இயலாது, களவு போகாது. ஆனால் சில வாரங்கள் வாசியாவிடில் தானே உதிர்ந்து மென்மையாகிவிடும். வீட்டில் ஒலிக்கும் தமிழை அக்காய்ப்போடுதான் ஒப்பிடுவேன். எவரும் அதனை நம்மிடமிருந்து பறிப்பதில்லை. நாள்தோறும் வாயால் மீட்டாதவனிடமிருந்து அது தானே போகிறது. போனது அவனுக்குத் தெரிவதும் இல்லை.

என்னிடம் இப்போது ஒரே கித்தார் உள்ளது. 30 அங்குலக் கம்பி நீளமுடைய, எடை குறைந்த சிறிய பேஸ். உருபு மீண்டும் ஒருமைக்கு வந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் அரை மணி நேரம் வாசிக்கிறேன். என் இடக்கை விரல் நுனிகளில் காய்ப்பு சிறிதளவு இன்னும் இருக்கிறது. ஐயமுள்ள மாணவர்கள் உரை முடிந்தபின் தொட்டுப் பார்க்கலாம்.