தேக்கும் ரப்பரும்

(நமது சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

உளி பிடித்து உண்ணும் குலத்தாரிடம் மரத்தைப் பற்றிப் பேசப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும், மரம் எங்கிருந்து வருகிறது, இன்னும் எத்துணைக் காலம் வரும் என்பதை நம்மவர் எண்ணுவதில்லை. மரவாடிக்குச் சென்றால் கிடைக்கும் என்றிருக்கின்றனர். ஆதலின் இவ்விஷயத்தைப் பேசத் துணிந்தோம்.

ஆனைமலையிலே டாப்சிலிப் என்னும் இடத்தை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். வெட்டிய தேக்கங்கட்டைகளை மலைச் சரிவிலே உருட்டிவிட்ட இடமாதலால் அப்பெயர் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டவும், பின்பு இருப்புப்பாதைக் கட்டைகளுக்குமாக அக்காடு மொட்டையாயிற்று. அதன்பின் அங்கு வந்த வன அதிகாரி ஹியூகோ உட் என்பார், மரத்தை வேரோடு களையாமல் தரையையொட்டி அறுத்து, அடிக்கட்டையினின்று மறுதாம்பு கிளைக்க விடும் முறையைக் கையாண்டார். தாமும் சட்டைப்பை நிறையத் தேக்கு விதை கொண்டு, கைத்தடியாற் குழி செய்து ஊன்றிக்கொண்டே நடப்பார் என்று சொல்லுவர். 1933-இல் காலஞ்சென்ற அவருடைய சமாதி அத்தேக்குகளின் நடுவிலேயே இருக்கிறது.

இதற்கும் முன்னரே, 1840-களில், மலையாளத்து நிலம்பூரில் கலெக்டர் கொனொலி தேக்குத் தோட்டம் போடத் தொடங்கினார். முதலில் விதைகள் முளைக்கவேயில்லை. தேக்கங்கொட்டையின் ஓடு அத்துணைக் கடினம். இன்றும் நாற்றங்காலில் அதனை மாறிமாறி நனைத்தும் உலர்த்தியுமே முளைக்கச் செய்கின்றனர். அப்பணியைப் பொறுப்பேற்று வெற்றி கண்டவர் சாத்து மேனோன் என்னும் நம் நாட்டவர். துரையின் பெயரை அறிந்தவர் பலர். மேனோன் பெயரை அறிந்தவர் சிலர். அது உலக வழக்கு.

அதே நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு என்பவர், கூடலூர்க் காடு அழிவதைக் கண்டு பொறாமல் 1995-இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தார். 1996 டிசம்பர் 12-ஆம் நாள் பிறந்த உத்தரவால், மத்திய அரசு அங்கீகரித்த திட்டமின்றிக் காட்டு மரம் வெட்டுவது நின்றது. 2014 ஏப்ரலில் பர்மாவும் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. தேக்கின் விலை ஏறிய கதையை உங்களுக்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, நம்மவர் இகழும் ரப்பர் மரத்துக்கு வருவோம். சுமார் 25 முதல் 30 ஆண்டு பால் தந்தபின் அதனை வெட்டியே தீரவேண்டும். அவ்விடத்தில் புதுக் கன்று வைப்பர். ஆகவே அம்மரத்துக்காக ஒரு காடும் அழிவதில்லை. முன்னாளில் அதை விறகென்று எரித்தார்கள். காரணம், அதில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாட்களுக்குள்ளேயே நீலப் பூசணம் படரும், வண்டு துளைக்கும்.

இதனை யாமே பட்டறிந்தோம். பல ஆண்டுகட்கு முன், விலை மலிவென்று பதப்படுத்தாத ரப்பர்ப் பலகை வாங்கி ஒரு வீட்டுக்கு அலமாரி செய்து கொடுத்தோம். ஓராண்டு முடியுமுன் அலமாரியின் கீழே மாவு மாவாய் உதிர்ந்தது. வீட்டு அம்மாள் ஒரு சொல்லும் சொல்லாமல் அந்த மாவை ஒரு தாளில் மடித்துக் கொடுத்தனுப்பினார். கூலியைத் திருப்பிக் கொடுத்தோம். மரத்தின்மேல் பழிபோட்டு, அதன்பின் நெடுங்காலம் அதைத் தொடவில்லை.

பிழை மரத்தினுடையதன்று. அறுத்த பலகையைச் சில நாட்களுக்குள் இரும்பு உருளையுள் அடுக்கி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தபின், போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த நீரை அழுத்தத்தோடு செலுத்துகின்றனர். நீர் மரத்தின் உட்புறம்வரை ஊறுகிறது. பின்பு சூட்டறையில் உலர்த்துகின்றனர். இவ்விதம் பதப்பட்ட மரம் வண்டுக்கு இரையாகாது. இழைத்தால் நன்கு மழமழக்கும். குட்டைத் துண்டுகளையும் விரல் கோத்தாற்போல் பல்வெட்டி ஒட்டி நீண்ட பலகையாக்குகின்றனர். மலேயா நாட்டார் 1980-கள் முதல் இம்மரத்தால் நாற்காலி மேசைகள் செய்து உலகெங்கும் விற்றனர். அத்தோட்டங்களிற் பால் எடுத்தவர்கள் பெரும்பாலும் நம் தமிழர்கள் என்பதை இங்கு நினையாதிருக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் மறவற்க: அம்மருந்து மழையில் கரைந்து போம். வாசல் நிலைக்கும் வெளிச் சன்னலுக்கும் இம்மரம் ஆகாது. வீட்டினுள் இருக்கும் பொருள்களுக்கே ஆகும்.

நம் பிள்ளைகள் பலர் பட்டறையை விட்டுப் போகின்றனர். தேக்கு வாங்க முதல் இல்லை, வேறு மரத்தில் நம்பிக்கையில்லை என்பதே அவர்கள் சொல்லும் காரணம். தனியொருவர் உருளையும் சூட்டறையும் வைப்பது இயலாத காரியம். சங்கக் கட்டிடத்தின் பின்புறம் காலியாகக் கிடக்கும் இடத்தில் பொதுவாக ஓர் உலர்த்தும் கொட்டகையும், மரத்தின் ஈரத்தைக் காட்டும் சிறு கருவி இரண்டும் வைக்கலாமென்று யாம் எழுதிய பிரேரணை காரியதரிசியிடம் இருக்கிறது. கருவி இரண்டின் விலையை யாம் ஏற்கிறோம். கொட்டகைக்கு எவ்வெவர் என்ன தருவர் என்பதை, பந்திக்கு எழுமுன் இச்சபையிலேயே சொல்லிவிடும்படி வேண்டுகிறோம்.