நாணலுக்குள் ஒரு சிறு குருகு

பாரிசின் லாச்சப்பல் பகுதிக்கு வடக்கே ஏறத்தாழ ஏழு கிலோமீட்டரில், லாகூர்னெவ் நகரை ஒட்டி, ஜோர்ஜ் வல்போன் பூங்கா விரிந்து கிடக்கிறது. பரப்பு 400 ஹெக்டேருக்கும் மேல். ஒரு காலத்தில் பாரிசுக்குக் காய்கறி விளைந்த சமவெளி இது. 1960களிலிருந்து நகரக் கட்டுமானங்களில் தோண்டிய மண்ணைக் கொட்டி இங்கே குன்றுகளை எழுப்பினார்கள், பள்ளங்களை ஏரிகளாக்கினார்கள். இயற்கையாக அமைந்த ஈரநிலம் இல்லை என்பதைப் பறவைகள் பொருட்படுத்தவில்லை. 2006இல் சேன்-சன்-தெனி மாவட்டப் பூங்காக்கள் பலவற்றோடு இதுவும் ஐரோப்பாவின் 'நத்துரா 2000' பாதுகாப்பு வலையமைப்பில் சேர்ந்தது.

மே மாதத் தொடக்கத்தில் இங்கே ஆறு, ஆறரை மணிக்கெல்லாம் விடிந்துவிடும். நடைப்பயிற்சிக்காரர்களும் நாய்களும் பெருகும் முன் ஏரிக்கரையை அடைவது நல்லது. எட்டு மடங்கு பெருக்கும் தொலைநோக்கி போதும். ஆனால் நாணல் காட்டில் கண்ணைவிடக் காதுக்கே வேலை அதிகம். ஓயாமல் கரகரக்கும் குரல் நாணல் கதிர்க்குருவியுடையது. தமிழகத்திலும் இலங்கையிலும் குயில் காக்கைக் கூட்டை நாடுவதுபோல், ஐரோப்பியக் குயில் இந்தச் சின்னக் குருவியின் கூட்டில் முட்டையிடும். திறந்த நீரில் நாமக்கோழிகள் எல்லைச் சண்டை போடும். கொண்டை முக்குளிப்பான் குஞ்சுகளை முதுகில் சுமந்து நீந்தும்.

வெயில் ஏறியதும் பார்வை புல்வெளிக்கும் வானத்துக்கும் திரும்பும். அங்கே பறக்கும் தகைவிலான் யாழ்ப்பாணக் களப்புகளில் காணும் அதே இனம்தான். ஆனால் பாரிசுக்கு வருவது ஆப்பிரிக்காவிலிருந்து. யாழ்ப்பாணத்துக்குப் போவது ஆசியாவின் வடபகுதியிலிருந்து. மரங்களில் கீச்சிடும் பச்சைக்கிளியோ வலசை வந்ததே இல்லை. 1970களில் ஓர்லி விமான நிலையத்தில் கூண்டிலிருந்து தப்பியவற்றின் வழித்தோன்றல் என்பதே அதைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுவது.

பூங்காவின் பெருமை சிறு குருகு. கொக்கு, நாரைக் குடும்பத்தில் ஐரோப்பாவிலேயே மிகச் சிறியது. நீளம் 35 செ.மீ. அளவே, எடை புறாவைவிடக் குறைவு. குளிர்காலத்தைச் சகாராவுக்குத் தெற்கே கழித்துவிட்டு மே மாதவாக்கில் வரும். 1970களிலும் 80களிலும் மேற்கு ஐரோப்பாவில் இதன் தொகை வெகுவாகச் சரிந்தது; ஆப்பிரிக்காவின் சாஹேல் வறட்சியும் அதற்கு ஒரு காரணம். அப்படிப்பட்ட பறவை தலைநகரின் விளிம்பில் குஞ்சு பொரிப்பது சாதாரணமில்லை. அது வந்திறங்கும்போது புதுநாணல் போதிய உயரம் வளர்ந்திருக்காது. மறைவும் கூட்டுக்குப் பிடிப்பும் தருவது முந்தைய ஆண்டின் காய்ந்த தண்டுகளே. ஆகவே நாணலை ஒரே மூச்சில் அறுத்துச் 'சுத்தம்' செய்தால் இந்தப் பறவைக்கு இடமில்லாமல் போகும்.

ஆபத்தை உணர்ந்தால் கழுத்தை நேரே நிமிர்த்தி அசையாமல் நிற்கும். தண்டுக்கும் பறவைக்கும் வேறுபாடு தெரியாது. அந்தி வேளையில் ஆண் பறவை இரண்டு மூன்று நொடிக்கொரு தரம் தாழ்ந்த உறுமலாகக் குரல் கொடுக்கும். நேரில் காண ஜூன், ஜூலை மாதங்களே ஏற்றவை. அப்போது பெற்றோர் குஞ்சுகளுக்கு இரை தேடி நீர்மேல் தாழப் பறந்து போய்வரும்; ஆகஸ்ட் கடைசியிலிருந்து அவை தெற்கே கிளம்பிவிடும்.