குளிர வைத்தால்தான் கண் தெரியும்



அகச்சிவப்புக் கேமரா வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. “லென்ஸ்தானே கஷ்டம்?” என்று கேட்பார்கள். இல்லீங்க, சூடுதான். சூடுள்ள எந்தப் பொருளும் அகச்சிவப்பில் ஒளிரும், கேமராவின் உடம்பும் சேர்த்து. தன் கண்ணிலேயே டார்ச் அடித்துக்கொண்டு நட்சத்திரம் தேடுகிற கதை!

ஹப்பிள் தொலைநோக்கியில் 1997 பிப்ரவரியில் நிக்மாஸ் கருவியைப் பொருத்தினார்கள். குடுவையில் உறைந்த நைட்ரஜன். நாலரை ஆண்டு தாங்கும் என்பது கணக்கு. அந்தக் கட்டி விரிந்து தள்ளியதில், உள்ளே தொடவே கூடாத இரண்டு பாகங்கள் தொட்டுக்கொண்டன. அந்த வழியாக வெப்பம் புகுந்து, 1999 ஜனவரியிலேயே நைட்ரஜன் தீர்ந்துபோச்சு. மூன்று கேமராக்களில் ஒன்றின் குவியமும் நகர்ந்துவிட்டது. ஹப்பிளின் துணை ஆடியையே நகர்த்தித்தான் அதில் தெளிவாகப் படம் எடுத்தார்கள். 2002 மார்ச்சில் விண்வெளி வீரர்கள் போய், நியான் வாயு ஓடும் குளிர்விப்பானை மாட்டிய பிறகு கருவி பிழைத்தது. ஜேம்ஸ் வெப் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே யார் போய் ரிப்பேர் பார்ப்பது?

ஆரம்ப நாட்களில் நானும் ஒரு லென்ஸை உடைத்தேன். குளிர்விக்கும்போது அலுமினியத் தாங்கி கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கி நெரித்துவிட்டது. உலோகம் எவ்வளவு நீளும், சுருங்கும் என்ற சோதனை நம் பௌதிக லேபிலேயே உண்டு. நான் செய்யவில்லை, நண்பனின் ரெக்கார்டைப் பார்த்து எழுதினேன். அவன் இதோ முன்வரிசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.