ஆறு இருந்தும் ஒன்று இல்லை



புதுக்கோட்டை மாவட்டத்தில் யாரை நிறுத்தி "உங்க கலெக்டர் யாரு?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "உங்க எம்.பி. யாரு?" என்று கேட்டால் மட்டும், "ஐயா எந்தப் பக்கம்?" என்று முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது. புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை என்றால் திருச்சி எம்.பி. விராலிமலை என்றால் கரூர். திருமயமோ ஆலங்குடியோ என்றால் சிவகங்கை. அறந்தாங்கி என்றால் ராமநாதபுரம். 2024 தேர்தல் முடிந்தபோது துரை வைகோ, ஜோதிமணி, கார்த்தி சிதம்பரம், நவாஸ் கனி என நான்கு பேர் இந்த ஒரே மாவட்டத்துக்கு எம்.பி.க்கள் ஆனார்கள். நால்வரில் எவர் தொகுதிக்கும் புதுக்கோட்டை என்று பெயர் இல்லை.

தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிகள் 234, மக்களவைத் தொகுதிகள் 39. வகுத்தால் மீதியில்லாமல் ஆறு வரும். ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்தால் ஒரு எம்.பி. தொகுதி என்பதுதான் கணக்கு. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பதும் சரியாக ஆறு. முந்தைய வரையறையில் ஐந்தே இருந்தன. 2008 மறுசீரமைப்பில் குளத்தூர் தனித்தொகுதி மறைந்து, கந்தர்வகோட்டை தனித்தொகுதியும் விராலிமலையும் பிறந்தன, ஐந்து ஆறானது. ஒரு எம்.பி.க்கு வேண்டிய ஆறும் கைக்கு வந்த அதே உத்தரவில், அந்த ஆறும் நான்கு பக்கமாகப் பிரிந்து போயின. கணக்கு வாத்தியார் போட்டிருந்தால்கூட இப்படி ஒரு விந்தையைப் போட்டிருக்க மாட்டார்.

தொகுதி என்றதும் நம் ஆட்கள் அதற்கு ஒரு குணத்தை ஒட்டிவிடுவார்கள். விருதுநகர் என்றால் 1967-ல் காமராஜரைத் தோற்கடித்த ஊர் என்பார்கள். பெ. சீனிவாசன் என்ற இளைஞர் அங்கே அவரை வென்றது உண்மைதான். ஆனால் இரண்டே ஆண்டில், 1969 இடைத்தேர்தலில், நாகர்கோவில் அதே காமராஜரை மக்களவைக்கு அனுப்பியது. மொடக்குறிச்சி என்றால் 1996-ல் 1,033 பேர் வேட்பாளராக நின்று, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வைத்த ஊர். தங்கள் கோரிக்கைகளை யாரும் கேட்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கண்டுபிடித்த உபாயம் அது. ஒரு நாள் கோபத்தையே ஒரு தொகுதியின் நிரந்தர குணமாக எழுதிவிடுவது நமக்குக் கைவந்த கலை. புதுக்கோட்டையை அப்படி ஒரே வரியில் எழுத முடியாது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கூட்டம்.

இது சமஸ்தான மண். பிரிட்டிஷார் ஆண்ட மாகாணத்துக்கு நடுவே தொண்டைமான்கள் ஆண்ட தனி ராஜ்யம். இங்கே பிறந்து சட்டமன்ற அரசியலில் பேர் வாங்கிய இருவர், சென்னைக்குப் போய்த்தான் அந்தப் படி ஏறினார்கள். ஒருவர் திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி. மற்றவர் 1927-ல் சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது; திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாக ஆனது. தனி மாவட்டம் என்ற தகுதி 1974 ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கல் நேரத்தில்தான் கிடைத்தது. மன்னர் இருந்த அரண்மனையில் இன்று கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது.

இந்த இடைப்பட்ட இருபத்தாறு ஆண்டுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ராஜ்யம் போய்விட்டது, மாவட்டம் இன்னும் வரவில்லை. அப்போதும் டெல்லியில் புதுக்கோட்டையின் பெயர் ஒலித்துக்கொண்டிருந்தது என்றால் அதற்குக் காரணம் மக்களவைத் தொகுதி. முதல் பொதுத்தேர்தலிலிருந்தே அது இருந்தது. மாவட்டம் இல்லாத காலத்தில் தொகுதி இருந்தது. மாவட்டம் வந்து முப்பத்து நான்கு ஆண்டில் தொகுதி போனது.

அந்தத் தொகுதி வாக்களித்த விதத்தைப் பாருங்கள். நேற்றுவரை மன்னர் ஆண்ட ஊர், முதல் தேர்தலில் காங்கிரஸை ஒதுக்கிவிட்டு, குடிசைச் சின்னத்தில் நின்ற கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் வல்லத்தரசுவை அனுப்பியது. 1957-ல் காங்கிரஸ். 1962-ல் கம்யூனிஸ்ட் ஆர். உமாநாத். கட்சி இரண்டாகப் பிளந்த பிறகு, 1967-ல் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் மறுபடியும் அதே உமாநாத். காசர்கோட்டில் பிறந்து தமிழ்நாட்டுத் தொழிற்சங்க மேடைகளில் வளர்ந்தவர் அவர். அரண்மனை இருக்கும் ஊரிலிருந்து செங்கொடிக்காரர் இரண்டு முறை டெல்லி போனார். 1971-ல் தி.மு.க., 1977-ல் அ.தி.மு.க. 1980 முதல் 1991 வரை நான்கு தேர்தலிலும் காங்கிரஸ். அதில் மூன்று முறை என். சுந்தரராஜ். பிறகு ஒரு ஓட்டம் தொடங்கியது. 1996-ல் திருச்சி சிவா, 1998-ல் ராஜா பரமசிவம், 1999-ல் சு. திருநாவுக்கரசர், 2004-ல் எஸ். ரகுபதி. நான்கு தேர்தல், நான்கு பேர், ஒருவரும் இரண்டாம் முறை வரவில்லை. பதினான்கு பொதுத்தேர்தலில் எந்தக் கட்சியும் இதைத் தன் கோட்டை என்று பட்டா போட்டுக்கொள்ள முடியவில்லை. கோட்டை என்பது ஊர்ப்பெயரோடு நின்றுவிட்டது.

இதே மாவட்டத்துக்குள் இதற்கு நேர்மாறான ஓர் ஊர் உண்டு. அறந்தாங்கி. திருநாவுக்கரசர் 1977 முதல் 1996 வரை தொடர்ந்து ஆறு முறை அங்கே வென்றார். இதில் கடைசி இரண்டு வெற்றிகள்தான் விசேஷம். 1991-ல் அ.தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டையே ஏறத்தாழ மொத்தமாக வாரிச் சுருட்டியது. அந்த அலைக்கு எதிர்ப்பக்கம் நின்றார், வென்றார். 1996-ல் காற்று தலைகீழாக மாறி அ.தி.மு.க.வுக்கு மாநிலம் முழுவதும் நான்கே இடம் மிஞ்சியது. இம்முறை அ.தி.மு.க. வேட்பாளராகவே நின்றார், அந்த நான்கில் ஒன்று அறந்தாங்கி. இரண்டு தடவையும் மாநிலம் ஒரு பக்கம் போனது, அறந்தாங்கி தன் ஆளின் பக்கம் போனது. கட்சியைப் பார்த்தா ஓட்டுப் போட்டார்கள்? கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வந்து நின்ற முகத்தைப் பார்த்துப் போட்டார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்துவதாக இல்லை. 2021-ல் அவர் மகன் ராமச்சந்திரன் காங்கிரஸ் வேட்பாளராக அங்கே வென்றார். இதை விசுவாசம் என்று மெச்சுவோரும் உண்டு, குடும்ப அரசியல் என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை.

புதுக்கோட்டைச் சட்டமன்றத் தொகுதியின் போக்கு இன்னும் வேடிக்கை. 2011-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் முத்துக்குமரன் வென்றார். அடுத்த ஆண்டே சாலை விபத்தில் அவர் இறந்தது இந்த ஊருக்குப் பெரிய இழப்பு. 2012 ஜூன் மாத இடைத்தேர்தலில் அதே வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தது ராஜ குடும்பத்துக் கார்த்திக் தொண்டைமானை, அ.தி.மு.க. சார்பில். தி.மு.க. அந்தத் தேர்தலில் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரிவாள்-கதிரிலிருந்து தொண்டைமானுக்கு ஓராண்டு தூரம். பக்கத்துக் கந்தர்வகோட்டையிலோ 2021-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் சின்னதுரை வென்றார். உமாநாத் காலத்து இழை ஐம்பது ஆண்டு கழித்தும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது.

அரசியல் வரலாறு பேசும்போது பெருமையை மட்டும் பேசினால் போதாது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதும் இதே மாவட்டத்தில்தான். எத்தனை எம்.பி. இருந்தால் என்ன, ஒருவர் இருந்தால் என்ன என்று அந்தத் தெருக்காரர் கேட்டால் இந்த மேடையில் யாரிடமும் பதில் இருக்காது.

இனி 2008-க்கு வருவோம். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுசீரமைப்பு ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் கோடு போட்டது. புதுக்கோட்டையோடு சேர்ந்து சிவகாசி, பெரியகுளம், பழனி, ராசிபுரம், திருச்செங்கோடு, கோபிசெட்டிபாளையம், வந்தவாசி, திண்டிவனம், திருச்செந்தூர் என்று பல பெயர்கள் மக்களவை வரைபடத்திலிருந்து மறைந்தன. ஆனால் சிவகாசி போன இடத்தில் விருதுநகர் வந்தது, பெரியகுளம் போன இடத்தில் தேனி வந்தது, திருச்செந்தூர் போய்த் தூத்துக்குடி வந்தது. அங்கெல்லாம் மாவட்டத் தலைநகரின் பெயர் ஏறியது. இங்கே மாவட்டத் தலைநகரின் பெயர் இறங்கியது.

2009-ல் இந்த ஊரில் சிலர் இதற்கு எதிர்ப்புத் தெரிவிக்க 49-ஓ என்ற விதியைக் கையில் எடுத்தார்கள். அப்போது நோட்டா கிடையாது. அது 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்தது. 49-ஓ என்றால் ரகசியமாக ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வருவதல்ல. வாக்குச்சாவடிக்குள் போக வேண்டும். 17-ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, "ஓட்டுப் போட விரும்பவில்லை" என்று அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் அதைப் பதிவேட்டில் குறிப்பார். பக்கத்தில் இன்னொரு முறை கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். பூத் ஏஜெண்டுகள் எல்லாக் கட்சியிலிருந்தும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊர்க்காரர்கள் முன்னால் அப்படிச் செய்ய எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது கிராமத்தில் வாழ்ந்தவருக்குத் தெரியும்.

சரி, தொகுதி போனதால் நிஜமாகவே என்ன நஷ்டம்? இங்கே கொஞ்சம் நியாயமாகப் பேச வேண்டும். எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி. ஆறு பகுதிக்கும் பங்கிட்டால் விராலிமலைக்கு ஆறில் ஒரு பங்கு. புதுக்கோட்டை என்ற தொகுதி இருந்தாலும் அதே ஆறில் ஒரு பங்குதான். பணக் கணக்கில் நட்டமில்லை. கலாசாரத்திலும் எல்லாக் கோடும் தவறு என்று சொல்லிவிட முடியாது. திருமயம், பொன்னமராவதிப் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களுக்குக் காரைக்குடிதான் உறவு. அவர்களைச் சிவகங்கையில் சேர்த்ததில் ஓர் அர்த்தம் உண்டு. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகு வைத்திருப்பவருக்கு, இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகைப் பற்றி ராமேசுவரத்துக்காரரோடு சேர்ந்து ஒரே எம்.பி.யிடம் பேசுவது லாபமே.

நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. கரூர் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். வேடசந்தூர் திண்டுக்கல் மாவட்டம், மணப்பாறை திருச்சி மாவட்டம், விராலிமலை புதுக்கோட்டை மாவட்டம், மீதி மூன்று கரூர் மாவட்டம். ஒரே எம்.பி. நான்கு கலெக்டர்களிடம் அலைய வேண்டும். இந்தப் பக்கம் ஒரே கலெக்டர் நான்கு எம்.பி.க்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். நான்கு பேருக்கும் புதுக்கோட்டை ஓர் ஓரம். ஓட்டு எண்ணும்போது பெரிய நகரம் இருக்கும் பக்கம்தான் கண் போகும். அது அவர்கள் குற்றமும் அல்ல. 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் பெண்களும் பிள்ளைகளும் பந்தலில் உட்கார்ந்தபோது, ஆலங்குடித் தொகுதியிலிருக்கும் அந்த ஊரின் எம்.பி. சிவகங்கைக்காரர். ஆனால் போராட்டக்காரர்கள் பேச்சுவார்த்தைக்குப் போக வேண்டிய கலெக்டர் ஆபீஸ் புதுக்கோட்டையில். தஞ்சாவூரிலிருந்து கந்தர்வகோட்டை வழியாகப் புதுக்கோட்டைக்கு ரயில் வேண்டும் என்ற பழைய கோரிக்கையை மாவட்டத்தின் சார்பில் மக்களவையில் எழுப்ப வேண்டியவர் யார் என்று கேட்டால், நால்வரும் மற்ற மூவரைப் பார்க்க இடம் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் பிரிவினையே உதவக்கூடும். 2021 பிப்ரவரியில் விராலிமலை அருகே குன்னத்தூரில் காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். கரூர்ப் பக்கம் புறப்பட்டு, புதுக்கோட்டை வழியாகச் சிவகங்கை, ராமநாதபுரம் போகும் கால்வாய் அது. கோடு போட்டவர்கள் நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, கால்வாய் போகும் வழியும் இந்த மாவட்டத்தின் எம்.பி.க்களின் தொகுதிகளும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. நால்வரும் ஒரே நாளில் ஒரே கேள்வியை மக்களவையில் எழுப்பினால் அதற்கு வலு உண்டு.

அடுத்த மறுசீரமைப்பைப் பற்றி மாநிலமே பேசுகிறது. தமிழ்நாட்டின் 39 குறையுமா, வடமாநிலங்களுக்குக் கூடுமா என்ற விவாதம் நியாயமானது. 2025 மார்ச்சில் அனைத்துக் கட்சிக் கூட்டமே அதற்காக நடந்தது. ஆனால் எண்ணிக்கை அப்படியே இருந்தாலும் கோடு மாறும் என்பதற்குப் புதுக்கோட்டையே சாட்சி. 2008-ல் தமிழ்நாடு ஓர் இடத்தைக்கூட இழக்கவில்லை. இழந்தது இந்த ஊர். 39 பற்றிப் பேசும் தலைவர்கள் எல்லைக்கோடு பற்றியும் பேச வேண்டும்.

ஆணையம் வரும்போது நடைமுறை இப்படி இருக்கும். வரைவு அரசிதழில் வெளியாகும். மாநிலத்திலிருந்து ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. துணை உறுப்பினர்களாக உட்காருவார்கள்; கருத்துச் சொல்லலாம், அவர்களுக்கு ஓட்டு கிடையாது. பொதுமக்கள் ஆட்சேபணை தர நாள் குறிப்பார்கள், பொது அமர்வு வைப்பார்கள். இறுதி உத்தரவு வந்துவிட்டால் அரசமைப்பின் 329-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். நீதிமன்றக் கதவு பெரும்பாலும் திறக்காது. ஆகவே வரைவுக்கும் உத்தரவுக்கும் நடுவே உள்ள சில வாரங்கள்தான் நமக்கு உள்ள அவகாசம். அப்போது தொண்டைமான் பெருமையையும் சத்தியமூர்த்தி பெயரையும் மனுவில் எழுதினால் ஆணையம் மரியாதையோடு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளும். எந்த ஊர்க்காரர் எந்த ஊருக்குப் பஸ் ஏறுகிறார், பத்திரம் எங்கே பதிகிறார், வடகாட்டுப் பலாவும் கீரமங்கலத்துப் பூவும் எந்தச் சந்தைக்குப் போகின்றன என்று ஊர்வாரியாக எழுதித் தந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆறு தொகுதிக்கும் ஆறு குழு போட்டு, அந்த வேலையை இப்போதே தொடங்கலாம். கோட்டைப்பட்டினத்து மீனவர் "எங்களுக்கு ராமநாதபுரமே சரி" என்று எழுதினால் அந்த மனுவையும் இந்தக் கட்டிலேயே சேர்த்து அனுப்ப வேண்டும்.