மேடையில் யாருக்கு இடம்?
(மாணவர் கலை இரவுத் தயாரிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அடுத்த மாதம் நடக்கவிருக்கும் மாணவர் கலை இரவின் நிகழ்ச்சி நிரலை முடிவு செய்வதற்காகக் கூடியிருக்கிறோம். பறையாட்டம் இருக்கிறது, ஒயிலாட்டம் இருக்கிறது, இரண்டு வீதி நாடகங்கள் இருக்கின்றன. இவற்றோடு திருநங்கைக் கலைஞர்களின் நடனமும், பால்புதுமையரான மாணவர்கள் தாங்களே எழுதி நடிக்கும் நாடகம் ஒன்றும் சேர்ந்திருக்கின்றன. பிறந்தபோது ஊரார் எழுதி வைத்த பாலுக்குள் அடங்காதவர்களையும், ஆணுக்குப் பெண் என்ற கணக்குக்குள் அடங்காத காதல் உடையவர்களையும் தமிழில் இன்று பால்புதுமையர் என்கிறோம்.

கடைசி இரண்டு நிகழ்ச்சிகளைப் பற்றிக் கமிட்டியில் விவாதம் கிளம்பிற்று. "இதெல்லாம் நமக்கு எதற்கு? வெளிநாட்டுச் சரக்கு அல்லவா?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். கேட்டது நல்லது. பந்தலுக்குப் பின்னால் நின்று முணுமுணுப்பதைவிடக் கூட்டத்தில் எழுந்து கேட்பது மேல். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மற்ற வேலைகளுக்குப் போவோம்.

வெளிநாட்டிலிருந்து வந்தது எது என்று முதலில் பார்ப்போம். 1860இல் வெள்ளை சர்க்கார் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆவது பிரிவை எழுதி வைத்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. இந்தப் பெயரைக் கேட்டதும் தென் ஜில்லாக்காரர்களுக்குப் பெருங்காமநல்லூர் நினைவுக்கு வரும். 1911இல் மாற்றி எழுதப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்ட அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றதற்காக, 1920 ஏப்ரல் 3ஆம் தேதி மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட 16 பேர் போலீசாரின் வெறியாட்டத்தில் உயிர் நீத்தார்கள். இது நமக்குத் தெரிந்த சரித்திரம்.

1871 சட்டத்துக்கு இரண்டாவது பகுதி ஒன்று இருந்ததைப் பலர் அறியார். இன்று நாம் திருநங்கைகள் என்று அழைக்கிறோமே, அவர்களைக் குறிவைத்து எழுதப்பட்ட பகுதி அது. வடக்கே உள்ள மாகாணங்களில் அமலாயிற்று. அவர்களைப் போலீஸ் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அப்படிப் பதிவானவர் பெண் உடையோ நகையோ அணிந்து தெருவில் தென்பட்டால் குற்றம். பொது இடத்தில் ஆடினால், வாத்தியம் வாசித்தால் குற்றம். கூலி வாங்கிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் ஆடினாலும் குற்றம். வாரண்டு இல்லாமலே பிடிக்கலாம். இரண்டு ஆண்டு வரை சிறையில் தள்ளலாம். கவனியுங்கள் தோழர்களே! களவு இல்லை, கொலை இல்லை. ஆட்டத்தையும் பாட்டையும் நம்பிப் பிழைத்த ஜனங்களின் ஆட்டத்தையே குற்றமாக்கினான் ஏகாதிபத்தியவாதி. பட்டினி போட்டு ஒழிப்பது என்பதற்கு இதைவிட வேறு வழி வேண்டுமா? அவன் போட்ட பூட்டைக் காவல் காப்பதா சுதேசிப் பண்பாடு?

நம் ஊர் மேடை எப்படி இருந்தது? தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டியவர் யார்? ஆண்தானே! சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் பையன்கள் ஸ்திரீபார்ட் கட்டினார்கள். அங்கே பயின்ற டி. கே. சண்முகம் அவ்வைக் கிழவியாக நடித்தார். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டு அவ்வை சண்முகம் ஆனார். கிராமத்து ஜனங்கள் முகம் சுளித்தார்களா? விடிய விடிய உட்கார்ந்து பார்த்தார்கள். இன்றைக்கும் சித்திரை மாதம் கூவாகத்துக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் வருகிறார்கள். கூவாகம் ஒரு கிராமம்தான். "கிராமத்தான் ஏற்க மாட்டான்" என்று சொல்பவர் பெரும்பாலும் டவுனில் இருப்பவர் என்பது நமது அனுபவம்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேடையில் வேஷம் கட்டியவனுக்கு மாலை போட்ட அதே சமூகம், மேடையை விட்டு இறங்கி அப்படியே வாழ முற்பட்டவரை வீட்டை விட்டுத் துரத்திற்று. வேஷம் என்றால் ரசிப்போம், வாழ்க்கை என்றால் அடிப்போம் என்ற இந்த இரட்டை நியாயத்தைத்தான் இன்றைய திருநங்கைக் கலைஞர்கள் கேள்வி கேட்கிறார்கள். மதுரையில் பிறந்து, கிட்டப்பா பிள்ளையிடம் தஞ்சை மரபைப் பயின்ற நர்த்தகி நடராஜுக்கு 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. "வெள்ளை மொழி" என்று தன் வாழ்க்கையை எழுதிய ரேவதி, அதையே அ. மங்கையின் இயக்கத்தில் தனியாள் நாடகமாக நடிக்கிறார். தன் கதையைத் தானே சொல்லும் உரிமையைப் பிறர் கையில் ஒப்படைக்க அவர்கள் தயாராக இல்லை.

அடுத்த ஆட்சேபணைக்கு வருவோம். "இது வர்க்கப் போராட்டத்தைத் திசை திருப்பும்" என்கிறார்கள். 1984இல் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாட்சர் சர்க்கார் போலீஸை ஏவிற்று. கோர்ட்டு சங்கத்தின் நிதியை முடக்கிற்று. குழந்தைகள் பசித்திருந்தன. அப்பொழுது லண்டன் தெருக்களில் வாளியைத் தூக்கிக்கொண்டு நிதி திரட்டக் கிளம்பியவர்களில், தன்பால் காதலர்களான வாலிபர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு முன்நின்றவர் மார்க் ஆஷ்டன், இளம் கம்யூனிஸ்ட் கழகத்தின் ஊழியர். தெற்கு வேல்ஸின் டுலைஸ் பள்ளத்தாக்குச் சுரங்கக் கிராமங்களைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி லண்டனில் ஒரு கலை நிகழ்ச்சி நடத்தினார்கள். அன்று பாடியது பிரபலமான ஒரு பாட்டுக் குழு. தங்களை வசைபாடும் சொல்லையே நிகழ்ச்சிக்குப் பெயராக வைத்தார்கள், அவ்வளவு துணிச்சல்! அந்த ஒரே இரவில் 5,650 பவுன் சேர்ந்தது.

சுரங்கத் தொழிலாளி என்ன செய்தான்? அவனும் கோவில், குடும்பம், ஊர் வழக்கம் என்று வளர்ந்தவன்தான். முதலில் தயங்கியவர்கள் இருந்தார்கள். பிறகு வீட்டுக் கதவைத் திறந்தான். 1985இல் வேலைநிறுத்தம் தோற்றது. அதே ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் பால்புதுமையரின் ஊர்வலம் நடந்தபோது, சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கப் பதாகையோடு வந்து முன்வரிசையில் நடந்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் லேபர் கட்சி மாநாட்டில் அவர்களது உரிமைக்கான தீர்மானம் நிறைவேறியது. சுரங்கத் தொழிலாளர் சங்கம் அதற்குத் துணை நின்றது. வர்க்க ஒற்றுமை இதில் எங்கே குலைந்தது என்று ஆட்சேபிக்கும் தோழர்தான் காட்ட வேண்டும். மார்க் ஆஷ்டன் 1987இல், 26ஆவது வயதில் எய்ட்ஸ் நோயால் இறந்தார்.

முதலாளிகளும் இப்போது வானவில் கொடி பிடிக்கிறார்களே என்பீர்கள். ஆமாம், ஜூன் மாதம் வந்தால் கம்பெனிகளின் சின்னத்தில் வானவில் ஏறுகிறது, ஜூலையில் இறங்கிவிடுகிறது. அந்தக் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலைக்காவது ஒரு திருநங்கைக்கு இடமுண்டா என்று கேட்டுப் பாருங்கள். இதனால்தான் நாம் ஸ்பான்சர் தேடவில்லை, துண்டேந்தி வசூலிக்கிறோம்.

சட்டம் மாறிவிட்டதே என்பதும் பாதி உண்மைதான். 2014 ஏப்ரல் 15இல் சுப்ரீம் கோர்ட்டு மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. 2018 செப்டம்பர் 6இல், வயது வந்தோர் மனம் ஒப்பிக் கொள்ளும் உறவைக் குற்றமென்ற பழைய விதி வீழ்ந்தது. போராடிப் பெற்றவை இவை. ஆனால் 2019இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய திருநர் சட்டம், அவர்கள்மீது இழைக்கப்படும் பாலியல் கொடுமைக்கு அதிகபட்சத் தண்டனையாக வைத்தது எவ்வளவு? இரண்டு ஆண்டு. 1871இல் ஆடியதற்கு இரண்டு ஆண்டு. 2019இல் அவர்களைச் சீரழித்தவனுக்கும் இரண்டு ஆண்டு!

இனி நம் கல்லூரிகளுக்கு வருவோம். கலை விழா என்றால் ஒரு மிமிக்ரி கட்டாயம் இருக்கிறது. ஒரு பையன் இடுப்பை வளைத்துக் குரலை மெலித்து நடந்து காட்டுவான்; அரங்கம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த அரங்கில் மூன்றாவது வரிசையில் ஒரு பையன் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பான், அல்லது பயந்துபோய் மற்றவரைவிட உரக்கச் சிரிப்பான். மறுநாள் முதல் ஹாஸ்டலில் அவனுக்கு அந்த நடைதான் பெயர். படிப்பை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கல்லூரியும் கணக்கு வைப்பதில்லை. பாலினத்தையோ பால் ஈர்ப்பையோ வைத்துச் செய்யும் துன்புறுத்தலும் ராகிங் ஆகும் என்று 2016இலேயே பல்கலைக்கழக மானியக் குழு விதியைத் திருத்திவிட்டது. அந்தச் சுற்றறிக்கை எத்தனை நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டது? நம் மேடையில் அந்த மிமிக்ரி கிடையாது. இதை இன்றே முடிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

வேலைகளைச் சொல்லிவிடுகிறோம். திருநங்கைகளின் நடனத்தை நள்ளிரவுக்குப் பிறகு தள்ளியிருக்கிறீர்கள். கூட்டம் கலையாமலிருக்க ஒரு கவர்ச்சி என்ற நினைப்பு அதில் இருக்கிறது. அதை எட்டரை மணிக்குக் கொண்டு வாருங்கள். குடும்பங்கள், குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் நேரம் அதுதான். பறைக் குழுவுக்கு என்ன சன்மானமோ அதே சன்மானம், மேடையை விட்டு இறங்கியதும் கையில் கொடுக்க வேண்டும். உடை மாற்றத் தட்டி மறைப்பு போதாது. பூட்டு உள்ள அறை வேண்டும், கழிப்பறை வேண்டும். இரவு பஸ் கிடைக்காது, லாட்ஜில் இடம் தரமாட்டார்கள். எனவே மாதர் சங்கத் தோழர்கள் இரண்டு வீடுகளை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நாடகம் போடும் மாணவர்களில் தங்கள் பெயர் வெளிவர விரும்பாதவர்கள் உண்டு. அவர்களை யாரும் போட்டோ எடுக்கக் கூடாது, தொண்டர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நோட்டீஸ் செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது. பிழைத்திருத்தப் பிரதி இதோ இருக்கிறது. எந்தப் பெயரைப் போட வேண்டும், எப்படிப் போட வேண்டும் என்று கலைஞர்களையே கேட்டு, திங்கட்கிழமை மாலைக்குள் ஆபீசில் கொடுத்துவிடுங்கள்.