நடக்காத போட்டியும் நாங்கள் செய்த பயிற்சியும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 1995ஆம் ஆண்டு வலைப்பந்தாட்ட அணியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மலருக்காகக் கல்லூரியின் விளையாட்டுச் சாதனைகளைத் தொகுத்த தங்கை ஒருவர் எங்களிடம், "அக்கா, 95இல உங்கட நெற்போல் ரீம் என்ன எடுத்தது?" என்று கேட்டார். "ஒண்டும் எடுக்கேல்லை" என்றோம். பட்டியலில் அந்த ஆண்டுக்கு எதிரே வெறும் கோடுதான் இருக்கிறது. அந்தக் கோட்டைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

1995 தை மாதத்தில் போர்நிறுத்தம் வந்தது. ஐந்து ஆண்டுகளாக மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை பிறந்தது. பாடசாலைகளுக்கிடையிலான போட்டி நடக்கும் என்றார்கள். நாங்கள் காலை ஆறு மணிக்கே மைதானத்தில் நின்றோம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பந்து. காற்றுப் போனால் சைக்கிள் கடை ஐயாதான் ஒட்டுப் போட்டுத் தருவார். வளையம் கொல்லன் பட்டறையில் வளைத்த கம்பி.

வெல்ல வேண்டும் என்ற வெறி எங்களுக்கு இருந்தது. ஒரு சி.ஆர். கொப்பியில், கோல் எறிபவர்கள் இருவரும் நூறு முறை எறிந்து எத்தனை போட்டார்கள் என்று நாள்தோறும் எழுதினோம். எங்களில் ஒருத்தியின் கணக்கு அறுபதிலிருந்து நாற்பதுக்கு இறங்கியது. அவள் அழுதாள். பிறகு இரண்டு நாள் பயிற்சிக்கு வரவேயில்லை.

ரீச்சர் அந்தக் கொப்பியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "பிள்ளையள், இனி இதில கணக்கு வேண்டாம். இண்டைக்கு என்ன பழகினனீங்கள் எண்டு ஒரு வரி எழுதுங்கோ" என்றார். அழுதவளின் வீட்டுக்கும் அவரே சைக்கிளில் போனார். மறுநாள் அவளிடம், "பந்து உள்ளுக்குப் போகுதோ எண்டு பாக்காதை. முழங்கால் மடியுதோ, முழங்கை பந்துக்குக் கீழ நிக்குதோ, மணிக்கட்டு கடைசியில மடங்குதோ, அதைப் பார்" என்றார்.

வலைப்பந்து வளையத்தின் உயரம் பத்தடி. கூடைப்பந்தில் உள்ளதுபோல் பின்னால் பலகை கிடையாது. பந்து உயரமாக வளைந்து போய் மேலிருந்து விழ வேண்டும். அந்த வளைவை எங்கள் கைகள் மெல்ல மெல்லப் பழகின. பந்தைப் பிடித்தவள் மூன்று செக்கனுக்குள் கைமாற்ற வேண்டும் என்பது விதி. ரீச்சர் மூன்று முறை கை தட்டுவார். மூன்றாவது தட்டுக்குள் பந்து அடுத்தவளிடம் இருக்க வேண்டும். தொடக்கத்தில் அது பயமாக இருந்தது. பின்னர் அந்தத் தட்டுக்காகவே விடியக் காத்திருந்தோம்.

சித்திரையில் மீண்டும் போர் தொடங்கியது. போட்டி தள்ளிப்போனது. அதன் பிறகு யாரும் திகதி சொல்லவில்லை. "இனி ஏன் ரீச்சர் பழகுவான்?" என்று கேட்டோம். "நேற்று வந்தது எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் அடுத்த நாளும் போனோம். போட்டி இல்லாத அந்த மாதங்களில்தான் நாங்கள் மிக நன்றாக விளையாடினோம். அழுதவள்தான் அதிகம் சிரித்தவள்.

ஐப்பசி 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமமே இடம்பெயர்ந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்த சனத்துக்குள் நாங்களும் எங்கள் குடும்பங்களுடன் இருந்தோம். கொப்பி தொலைந்தது. பந்து மட்டும் ஒருத்தியின் சைக்கிள் கரியரில் வந்து சேர்ந்தது. சில வாரங்களின் பின் கொடிகாமத்தில் நால்வர் சந்தித்தோம். வளையம் இல்லை, கோடு இல்லை. மாமரத்தின் கீழ் நின்று பந்தைக் கைமாற்றினோம். யாரோ ஒருத்தி மூன்று முறை கை தட்டினாள்.

அந்த ஏழு பேரில் இன்று ரொறன்ரோவில் இருவர், லண்டனில் ஒருவர், வவுனியாவில் ஒருவர், ஊரில் இருவர். ஒருத்தி இல்லை. முப்பது ஆண்டுகள் கடந்து சந்தித்தபோது, நடக்காத போட்டியைப் பற்றி நாங்கள் அதிகம் பேசவில்லை. விடியற்காலைப் பனியையும், கை தட்டும் ஓசையையும், ரீச்சர் கொண்டுவரும் அவித்த பயறையும் பற்றியே பேசினோம்.

வெற்றி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணியில் ஆடி, 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசியக் கிண்ணம் கிடைத்தபோது எங்கள் வீடுகளிலும் கொண்டாட்டம்தான். அவருடைய உயரத்தை எல்லோரும் பேசுகிறார்கள். அந்த உயரத்துக்குப் பின்னால் யாரும் பார்க்காத எத்தனை காலைகள் இருந்திருக்கும் என்பதைப் பந்து எறிந்து பழகியவர்கள் அறிவார்கள்.

இன்றைய தங்கைகளே, ஒன்பது ஏ, இசட் புள்ளி என்று உங்களையும் நாள்தோறும் எண்களால் அளக்கிறார்கள். பெறுபேறு ஒரு நாள் வரும். சிலவேளை வராமலும் போகலாம். இன்று பழகியதை மட்டும் யாராலும் தள்ளிப்போட முடியாது.

பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். வென்ற அணிக்குக் கேடயம் வழங்குகிறோம். மகிழ்ச்சி. அதோடு, தோற்ற அணிக்கும் சேர்த்து, ஆண்டுதோறும் நல்ல பந்துகளும், பயிற்சி முடிந்ததும் பயறும் தேநீரும் கிடைக்க வழி செய்வோம். முதல் ஆண்டுச் செலவை எங்கள் அணி ஏற்கிறது.

மலரில் அந்தக் கோடு அப்படியே இருக்கட்டும். அது வெறுமையாக இருந்த ஆண்டல்ல என்பது இப்போது உங்களுக்கும் தெரியும்.

வாழ்க எம் கல்லூரி.